கீழ்வீட்டுக்குக் கேட்கும் சைக்கிள்

வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க டிரெய்னர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது சத்தம். விடியுமுன் எழுந்து மிதித்தால்தான் வேலைக்குப் போக முடியும். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, கீழ்வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கவலையோடு போகிறவருக்குக் கடையில் ஓர் எண் கிடைக்கிறது: இத்தனை டெசிபல். அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்பவரின் காதுக்கான எண். கீழ்வீட்டில் படுத்திருப்பவருக்கு வேறு வழியாக, வேறு சத்தம் போய்ச் சேர்கிறது. அதற்குப் பெட்டியில் எண்ணே கிடையாது. டிரெய்னர் செய்பவர்கள் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் காற்றில் பரவும் சத்தத்தை வியக்கும்படி குறைத்துவிட்டார்கள். தரை வழியாக இறங்கும் சத்தத்தில் அந்த அளவு முன்னேற்றம் நடக்கவில்லை. இன்றைய மனத்தாங்கல்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது சத்தத்தால் வருகிறது என்பது என் கணிப்பு. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல விலை கொடுத்து வாங்கிய டிரெய்னரும் வாடகை வீட்டில் தொல்லையாகிறது.

சைக்கிளை ஓரிடத்தில் கட்டிவைத்து மிதிப்பது குளிர்நாட்டுப் பழக்கம். வடக்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்மாதங்களில் சாலையில் பனியும் இருட்டும்தான். பந்தயக்காரர்கள் கால் தளராமல் இருக்கக் கார் கொட்டகையிலோ நிலவறையிலோ மிதித்தார்கள். அங்கே எவ்வளவு இரைந்தாலும் கேட்க ஆளில்லை. 2014-இல் ஸ்விஃப்ட் என்ற மென்பொருள் வெள்ளோட்டத்துக்கு வந்தது, மறு ஆண்டு கட்டணச் சேவையானது. திரையில் ஒரு மலைப்பாதை ஓட, ஏற்றத்துக்கேற்ப டிரெய்னர் தானாக இறுகும். உலகின் எந்த மூலையில் இருப்பவரோடும் சேர்ந்து மிதிக்கலாம். 2020-இல் பெருந்தொற்று வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தபோது, அந்த ஜூலையில் டூர் டி ஃபிரான்ஸ் திரைவழிப் போட்டியாகவும் நடந்தது. டிசம்பரில் பன்னாட்டு சைக்கிள் சங்கமான யுசிஐ முதல் மின்விளையாட்டு உலக சாம்பியன் போட்டியை நடத்தியது. கொட்டகையில் இருந்த பொருள் இந்த ஆண்டுகளில் பெருமளவில் அடுக்குமாடிக்கு ஏறியது. அதோடு சத்தமும் இரண்டு குடும்பங்களுக்கு நடுவிலான விஷயமாகிவிட்டது.

அளவுகோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெசிபல் மடக்கை அளவு. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகும். 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் இறங்கும். நான்கு சுவருக்குள் எதிரொலி சேர்வதால் அவ்வளவு இறங்காது. ஆகவே எத்தனை தூரத்தில், என்ன வேகத்தில், எவ்வளவு இறுக்கத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணை வேறோர் எண்ணோடு ஒப்பிட முடியாது. பல பெட்டிகளில் இந்த மூன்றில் ஒன்றாவது விடுபட்டிருக்கும். பொதுவாக விமர்சகர்கள் பேசும் அளவுகளைப் பார்த்தால் பழைய காற்றாடி வகை 80 டெசிபலைத் தொடும், காந்த வகை 70-ஐ ஒட்டி நிற்கும், இன்றைய நேரடி வகை 60-ஐச் சுற்றியோ அதற்குக் கீழோ இருக்கும். இதை வரிசை அறியப் பயன்படுத்தலாம், ஒன்றிரண்டு டெசிபல் வித்தியாசத்துக்காகப் பணம் கூட்டிக் கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது.

காற்றாடி முதல் மோட்டார் வரை

மிகப் பழையது உருளை. மூன்று உருளைகள்மேல் சைக்கிளை ஏற்றி, எதிலும் கட்டாமல், சமநிலை பிடித்து மிதிக்க வேண்டும். சத்தம் பெரும்பாலும் டயரிலிருந்தும் உருளையின் பியரிங்கிலிருந்தும் வரும். உள்ளே வெறுமையான அலுமினிய உருளை என்றால் அதுவே தவிலின் பானைபோல ஒலியைப் பெருக்கும்.

1970-களில் அமெரிக்காவில் ரேசர்மேட் போன்றவர்கள் கொண்டுவந்தது காற்றாடி வகை. பின்சக்கரம் ஓர் உருளையைச் சுற்ற, அது விசிறியைச் சுற்றும். விசிறி காற்றைத் தள்ளும் எதிர்ப்பு, சாலையில் காற்று நம்மைத் தள்ளும் எதிர்ப்பைப் போலவே வேகத்தோடு ஏறும் என்பதால் பயிற்சிக்கு அருமையான கருவி. தொல்லையும் அதே இயற்பியலில்தான் இருக்கிறது. விசிறியின் சுற்றுவேகம் இரட்டித்தால் அதன் ஒலி சுமார் 15 டெசிபல் ஏறும் என்பது விசிறிப் பொறியாளர்கள் கையாளும் விதி. காதுக்கு அது ஏறக்குறைய மூன்று மடங்கு. மெதுவாக மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிந்த அறை, வேகம் எடுத்ததும் கத்தினாலும் கேட்காத அறையாகும். இதை எந்த உறை போட்டும் தீர்க்க முடியாது. காற்றைக் கலக்குவதுதான் அந்தக் கருவியின் வேலை, கலங்கிய காற்றுதான் இரைச்சல். மூன்று முறை டூர் டி ஃபிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்டின் நிறுவனம் பின்னாளில் கொண்டுவந்த ரெவல்யூஷன் டிரெய்னர், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேராக மாட்டும் நல்ல அமைப்பு. மிதிக்க அவ்வளவு இயல்பாக இருக்கும் என்று புகழப்பட்டது. உள்ளே இருந்தது விசிறி. அதனால் அது சத்தத்துக்கும் பேர்போனது.

காந்த வகையில் ஓர் உலோகத் தட்டு காந்தங்களுக்கு நடுவே சுழல்கிறது. தட்டில் சுழல்மின்னோட்டம் எழுந்து சுழற்சியை எதிர்க்கும். எதுவும் எதையும் உரசுவதில்லை. எனவே எதிர்ப்பு உண்டாகும் இடத்தில் ஏறக்குறைய மௌனம். திரவ வகையில் ஒரு துடுப்பு சிலிக்கோன் எண்ணெயைக் கலக்குகிறது. காற்றாடியைப் போலவே வேகத்தோடு எதிர்ப்பு ஏறும், ஆனால் மூடிய பாத்திரத்துக்குள் எண்ணெய் கலங்குவது வெளியே கேட்பதில்லை. மினசோட்டாவின் குர்ட் கைனெடிக் எண்ணெய் ஒழுகாமல் இருக்கத் துடுப்பைக் காந்தப் பிடிப்பால் வெளியிலிருந்தே சுழற்றியது நல்ல பொறியியல்.

இரண்டிலும் பிறகு மிஞ்சியது டயர். வாங்குபவர்கள் இதை எப்போதும் குறைத்தே எடைபோடுகிறார்கள். மலைப்பாதை சைக்கிளின் முரட்டு டயரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கி.மீ. என்றால் நொடிக்கு 8.3 மீட்டர். டயரின் மேடுகள் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் நொடிக்கு 330-க்கும் மேற்பட்ட மேடுகள் உலோக உருளையை அறைகின்றன. மனிதக் காதுக்கு அது நன்றாகக் கேட்கும் சுருதி. டிராக்டர் போவதுபோல இருக்கிறது என்று வீட்டார் சொல்வது இதைத்தான். டிரெய்னரை மாற்றாமல், டயரை மட்டும் வழுவழுப்பானதாக மாற்றி, உருளையின் அழுத்தத்தைச் சரியாக வைத்தாலே பெரிய நிம்மதி கிடைக்கும். டிரெய்னருக்கென்றே விற்கும் டயர்கள் வெப்பத்தில் தேயாமல் இருக்கச் செய்தவை, வழுக்குப் பரப்பு என்பதால் சத்தமும் குறைவு. காசில்லாத மாணவருக்கு நான் முதலில் சொல்வது இந்த ஒரு மாற்றத்தைத்தான்.

டயரையே நீக்கிவிடும் நேரடி வகையை 2012 இறுதியில் வந்த வாஹூ நிறுவனத்தின் கிக்கர் பரவலாக்கியது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை நேராக டிரெய்னரில் பூட்ட வேண்டும். செயின் ஒரு பல்சக்கரத்தைச் சுற்ற, அங்கிருந்து பெல்ட் ஒரு கனமான ஃப்ளைவீலைச் சுற்றும். டயர் இரைச்சல் போயிற்று. ஆனால் தொடக்கக் காலப் பொறிகளில் பெல்ட்டும் ஃப்ளைவீலும் சேர்ந்து ஒரு சீழ்க்கை எழுப்பின. அளவில் அது டயரைவிடக் குறைவு, எரிச்சலில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரே சுருதியில் நீளும் ஒலி, அதே டெசிபலில் பரவிய இரைச்சலைவிட அதிகம் உறுத்தும். தொழிற்கூட இரைச்சலை மதிப்பிடும் பிரிட்டனின் பிஎஸ் 4142 வரையறையும் இதை ஏற்றுக்கொண்டு, சுருதி தூக்கலான ஒலிக்கு 6 டெசிபல் வரை கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. ஜெர்மனியின் விதி 3 அல்லது 6 கூட்டும். டிரெய்னர் பெட்டியில் இருக்கும் எண்ணில் இப்படி எந்தக் கூட்டலும் கிடையாது.

2015-இல் நெதர்லாந்தின் டாக்ஸ் நிறுவனம் நியோவைக் கொண்டுவந்தபோது பெல்ட்டும் போயிற்று, ஃப்ளைவீலும் போயிற்று. 32 நியோடிமியம் காந்தங்கள் கொண்ட மோட்டாரே எதிர்ப்பையும் தருகிறது, ஃப்ளைவீலின் உந்தத்தையும் பாவனை செய்கிறது. 2018-இல் வாஹூவும் தன் கிக்கரை மௌனமாக்கிவிட்டது. அதன்பின் நேரடி வகையில் நல்லவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைதிதான். இந்தப் போட்டி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

அறைக்குள் மிஞ்சியது

டிரெய்னர் அடங்கியதும் அதுவரை கேட்காதவை கேட்க ஆரம்பித்தன. எண்ணெய் காய்ந்த செயின், ஓரப் பல்லில் கோணலாக ஓடும் செயின், கியர் மாறும்போது வரும் கடக், மிதிப்பதை நிறுத்தினால் பின்னச்சு எழுப்பும் கிர்ர். 2023-இல் ஸ்விஃப்ட் ஒற்றைப் பல்சக்கரம் வைத்த டிரெய்னரைக் கொண்டுவந்தது. செயின் எப்போதும் நேர்கோட்டில் ஓடும், கியர் மாறுவது எதிர்ப்பை மாற்றிக் காட்டும் பாவனை. மலிவு, எளிமை ஆகியவற்றுக்காகச் செய்தது என்றாலும் சத்தத்துக்கும் அது நல்லதாக அமைந்தது.

இதைவிட முக்கியமானது மின்விசிறி. மனித உடம்பு தான் எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் பெடலுக்குத் தருகிறது, மிச்சம் வெப்பம். 200 வாட் மிதிப்பவர் 600 முதல் 800 வாட் வரை சூடு கக்குகிறார், அதாவது ஒரு சிறிய ரூம் ஹீட்டர் அளவு. சாலையில் எதிர்காற்று அதை வாங்கிக்கொள்ளும். அறையில் விசிறி இல்லாமல் அரை மணி நேரம் தாங்காது. அந்த விசிறி முழுவேகத்தில் 65 டெசிபல், டிரெய்னர் 60 டெசிபல் என்றால் இரண்டும் சேர்ந்து 66. இன்னும் பணம் போட்டு 55 டெசிபல் டிரெய்னர் வாங்கினால்? மொத்தம் 65.4. ஐந்து டெசிபல் குறைப்புக்குக் கொடுத்த பணத்தில் அறைக்குள் முழுசாக ஒரு டெசிபல்கூடக் கிடைக்கவில்லை. அதே பணத்தில் பெரிய இறக்கை கொண்ட, மெதுவாகச் சுற்றும் விசிறி வாங்கியிருந்தால், முன்சொன்ன 15 டெசிபல் விதி இப்போது நமக்குச் சாதகமாக வேலை செய்யும்.

மிதிப்பவரின் காதையும் மறந்துவிடக் கூடாது. விசிறியை மீறிப் பாட்டுக் கேட்க ஹெட்ஃபோனின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. ஒலி 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம். குளிர்காலப் பயிற்சியில் அது சாதாரணமாகக் கடந்துபோகும்.

இந்த 66 டெசிபல் எங்கே போகிறது? ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நன்றாகப் பூசியிருந்தால் 45 டெசிபலுக்கு மேல் தடுக்கும். பக்கத்து வீட்டுக்கு 20 சொச்சம் போய்ச் சேரும், விசிறி ஓடும் அறையில் அது கேட்காது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் இலேசான மரக்கதவு 20 டெசிபல் தடுத்தாலே அதிகம், அடியில் இடைவெளி இருந்தால் அதுவும் இல்லை. குழந்தை தூங்கும் அறைக்கு 45-ஐ ஒட்டிப் போகும். படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்ன வழிகாட்டு அளவு. ஆக, காற்றுவழிச் சத்தத்தில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் நம் வீட்டார்தான். கதவின் அடியில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டுவது டிரெய்னரை மாற்றுவதைவிடப் பலன் தரும்.

தரைக்குள் இறங்குவது

கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து கதவைத் தட்டும்போது பேசுவது வேறொன்றை. அவர் சொல்வது இரைச்சல் என்றுகூட இருக்காது, "கும் கும் என்று வருகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். மேலே இருப்பவருக்குப் புரியாது. அவர் காதில் விசிறிதான் கேட்கிறது, டிரெய்னரோ மௌனம்.

யாராவது மிதித்துக்கொண்டிருக்கும்போது டிரெய்னரின் காலுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைத் தரையில் பதித்துப் பாருங்கள். முதலில் ஒரு மெல்லிய, இடையறாத நடுக்கம் தெரியும், அது ஃப்ளைவீல். நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால் 30 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே, தனித்தனியாக எண்ணும்படி ஒரு தள்ளல் வந்து வந்து போகும்; அது கால். நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவர் இரண்டு காலாலும் 180 முறை அழுத்துகிறார், நொடிக்கு மூன்று முறை. மூன்று ஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்காது. ஆனால் கால் அழுத்துவது சீரான அலையாக இருப்பதில்லை. அதனால் 6, 9, 12 என்று மடங்குகளும் கூடவே கிளம்பும். தரைக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. லண்டனின் விக்டோரியா காலத்து வீடுகளைப் பிரித்துக் கட்டிய ஃபிளாட்டுகளிலும், ஜெர்மனியின் பழைய குடியிருப்புகளிலும், அமெரிக்காவின் மரச்சட்ட அடுக்ககங்களிலும் தரை என்பது விட்டங்கள்மேல் பலகை. மரக்கட்டுமானத்துக்கான ஐரோப்பிய வரையறையான யூரோகோட் 5, தரையின் இயல் அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் தனியாக ஆராய வேண்டும் என்கிறது. அப்படியானால் சரியாகக் கட்டிய பல தரைகள் 8-ஐத் தாண்டி 9, 10 என்று நிற்கும். மிதியின் மூன்றாவது மடங்கு அங்கேதான் போய் மோதுகிறது. தரை ஒத்ததிர்ந்து, கீழ்வீட்டின் கூரையையும் அலமாரிக் கண்ணாடியையும் ஆட்டும்; அந்த ஆட்டம்தான் கேட்கும் சத்தமாக மாறுகிறது.

அதனால்தான் ஒரே ஆள், ஒரே டிரெய்னர், ஒரே தரையில் மிதிவேகத்தை 90-இலிருந்து 80-க்குக் குறைத்தால் சில வீடுகளில் கீழே சட்டென்று அடங்கிவிடும், சில வீடுகளில் கூடும். எழுந்து நின்று மிதித்தால் உடம்பின் முழு எடையும் இடவலமாக ஆடும். அது எந்த டிரெய்னரிலும் மோசம். அறையின் நடுவிலிருந்து சுவரோரமாக, விட்டங்கள் சுவரில் ஊன்றும் முனைக்கு நகர்த்தினால் தரை குறைவாக வளையும், அதிர்வும் குறையும். இதற்குக் காசே வேண்டாம். நியோவில் கருங்கல் சாலை அதிர்வைக் காலுக்குத் தரும் வசதி ஒன்று உண்டு. மாடியில் இருப்பவர் முதலில் அதை அணைக்க வேண்டும்.

கட்டட விதிகளுக்கு உட்பட்ட வீடுதானே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். ஜெர்மனியின் டின் 4109 அடுக்ககத் தரைக்கு மோதல் ஒலி வரம்பாக முன்பு 53 டெசிபல் வைத்திருந்தது, பிறகு 50 ஆக்கியது. இங்கிலாந்தில் புதுக் கட்டடத்துக்கு வேறு முறையில் கணக்கிட்ட 62. இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அரைக் கிலோ எடையுள்ள ஐந்து சுத்தியல்கள் 4 செ.மீ. உயரத்திலிருந்து மாறி மாறி, நொடிக்குப் பத்து முறை தரையைத் தட்டும் ஓர் இயந்திரத்தை மேலே வைத்து, கீழே ஒலியை அளக்கிறார்கள். மதிப்பெண் 100 ஹெர்ட்ஸ் முதல் 3,150 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குத்தான். குதிகால் செருப்புக்கும் நாற்காலி இழுப்புக்கும் இது நல்ல சோதனை. சைக்கிள் ஷூவின் அடியில் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் டைலில் டக் டக்கென்று நடப்பதையும் இது பிடித்துவிடும். மிதியும் ஃப்ளைவீலும் எழுப்புவது பெரும்பாலும் 100-க்குக் கீழே. ஜப்பானியர்கள் குழந்தைகள் குதிப்பதை மனத்தில் வைத்து, இரண்டரைக் கிலோ ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டும் சோதிக்கிறார்கள். டிரெய்னருக்கு நெருக்கமான சோதனை அதுதான்.

சாதாரண டெசிபல் மீட்டரும் இங்கே கைகொடுக்காது. மனிதக் காதை ஒத்திருக்க ஏ-எடை என்ற வடிகட்டியைப் போட்டு அளக்கிறார்கள். அது 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலையும் 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபலையும் கழித்துவிடும். தாழ்சுருதித் தொல்லைக்கான ஜெர்மானிய வரையறையான டின் 45680 இதற்கு ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறது. தாழ்ந்த ஒலியைக் கழிக்காத சி-எடையிலும் ஏ-எடையிலும் அளந்து, வித்தியாசம் 20-ஐத் தாண்டினால் தாழ்சுருதிச் சிக்கல் இருக்கிறது, தனியாக ஆராய வேண்டும் என்று பொருள்.

பாய் போட்டால் போதுமா

எல்லோரும் முதலில் வாங்குவது ரப்பர் பாய். அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. டிரெய்னரும் ஆளும் சேர்ந்த எடையில் பாய் ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த அமைப்பின் இயல் அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ். அதைப்போல சுமார் 1.4 மடங்கில், அதாவது 22 ஹெர்ட்ஸிலேயே தடுப்பு தொடங்கிவிடும். 30 ஹெர்ட்ஸ் ஃப்ளைவீல் நடுக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் கீழே போகும். 60 ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. ஆனால் 9 ஹெர்ட்ஸில்? தடுப்பே இல்லை, கணக்கின்படி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகக் கூடும். பாய் போட்ட பிறகு அதிகமாகிவிட்டது என்று கீழ்வீட்டார் சொன்னால் அவரை நம்புங்கள். மூன்று ஹெர்ட்ஸையும் தடுக்க வேண்டுமானால் பாய் 6 சென்டிமீட்டருக்கு அமுங்க வேண்டும். அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து மிதிக்க முடியாது.

ஐரோப்பிய வீடுகளில் பலர் கையால் செய்துகொள்ளும் மேடை ஒன்று உண்டு: இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வரிசையாகப் பதித்து, மேலே டிரெய்னர். பந்து பாயைவிட அதிகம் அமுங்கும் என்பதால் இயல் அதிர்வெண் இறங்கும். பந்துகள் புதிதாகவும் அகலமாகப் பரப்பியும் இருந்தால் நன்றாக வேலை செய்கிறது. காற்றிறங்கினால் மேடை தொங்கும். நான் அதைவிட நம்புவது எடையை. 60 செ.மீ. சதுரம், 5 செ.மீ. தடிமன் கொண்ட ஒரு காங்கிரீட் நடைபாதைக் கல் 40 கிலோவுக்கு மேல் இருக்கும். டிரெய்னரின் கால்களை அப்படி இரண்டு கற்களில் ஊன்றி, கற்களுக்கு அடியில் ரப்பர் வைத்தால் மிதிக்கும் விசை அந்த எடையை அசைப்பதிலேயே பெருமளவு தீர்ந்துபோகும். மரத்தரையில் எடை ஏற்றுமுன் தரை தாங்குமா என்று கட்டியவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், கற்களைச் சுவரோரமாகவே வைக்க வேண்டும்.

நம் ஊரில் கதை வேறு. சென்னையிலும் கோவையிலும் மழைக்காகவும் போக்குவரத்துக்காகவும் டிரெய்னர் வாங்கும் சைக்கிள்காரர்கள் கூடிவருகிறார்கள். இங்கே தரை ஐந்து, ஆறு அங்குலக் காங்கிரீட். சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். அதன் இயல் அதிர்வெண் மரத்தரையைவிட வெகு உயரத்தில் இருப்பதால் மிதியின் 3, 6, 9 அதை அசைப்பதில்லை. மாறாக, மேலே ஒட்டிய டைல் கெட்டியான மோதலை அப்படியே கீழே கடத்தும். ஃப்ளைவீல் நடுக்கமும் டிரெய்னரின் கால் தடதடப்பும் இறங்கும். இந்த வகைக்குச் சாதாரண ரப்பர் பாய் மிக நன்றாக வேலை செய்கிறது. லண்டன்காரர் பாயால் பலனில்லை என்று எழுதுவதும் சென்னைக்காரர் பாய் போட்டதும் தீர்ந்தது என்பதும் இரண்டுமே உண்மைதான், தரை வேறு.

சட்டம் எங்கும் நேரடியாக உதவுவதில்லை. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்கின்றன. அது பொதுவான சுற்றுப்புற அளவு. ஜெர்மனியில் கட்டடத்துக்குள் கடத்தப்படும் ஒலிக்குப் பகலில் 35, இரவில் 25 என்ற வரம்பு தொழிற்கூடங்களுக்கானது. தனி வீட்டைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் எது பொறுக்கத்தக்கது என்பதற்கு நல்ல அளவுகோல். அங்கே இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்பது குடியிருப்பு ஒழுங்குகளில் ஊறிப்போன ஒன்று. விடியற்காலை ஐந்து மணிப் பயிற்சிக்காரர் எந்த டிரெய்னர் வாங்கினாலும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்.

அளந்து பார்க்க இன்று பெரிய செலவில்லை. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியாஷ் ஐஃபோனுக்கு இலவசமாகத் தரும் ஒலி அளவி, நல்ல மைக் இருந்தால் நம்பத்தக்கது. அதிர்வுக்கு ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் செய்த பைஃபாக்ஸ் செயலி இருக்கிறது. போனை டிரெய்னருக்குப் பக்கத்தில் தரையில் வைத்து மிதித்தால் எந்த ஹெர்ட்ஸில் முகடு எழுகிறது என்று திரையிலேயே தெரியும். முகடு 30-க்கு மேலே என்றால் பாய் போதும். 10-ஐ ஒட்டி என்றால் இடத்தை மாற்றுங்கள், மிதிவேகத்தை மாற்றுங்கள், எடை சேருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நண்பர் ஒருவரை மிதிக்கவிட்டு, கீழ்வீட்டாரிடம் அனுமதி கேட்டு, அவர்கள் படுக்கையறையில் நாமே பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். என்ன கேட்கிறது என்பது மட்டுமல்ல, அதைக் கேட்க நாம் நேரில் வந்தோம் என்பதும் அவர்களுக்கு முக்கியம்.

உற்பத்தியாளர்கள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. 200 வாட், 90 மிதிவேகம், உட்கார்ந்தும் நின்றும். டிரெய்னரின் கால்கள் தரைக்குக் கடத்தும் விசையை 3 ஹெர்ட்ஸ் முதல் 100 ஹெர்ட்ஸ் வரை அளந்து வெளியிட வேண்டும். சலவை எந்திரத்தின் கால்களுக்கு அதிர்வுத் தடுப்பு வடிவமைக்கத் தெரிந்த உலகத்தில் இது கடினமான அளவீடு அல்ல. டிரெய்னரின் கால்களுக்கு அடியில் இன்றைக்கு இருப்பது வழுக்காமல் இருக்க ஒட்டிய சிறிய ரப்பர் துண்டுதான். மோட்டாருக்குச் செலவழித்த அக்கறையில் ஒரு பங்கை அந்தத் துண்டுக்குச் செலவழித்தால், பெட்டியின்மேல் இரண்டாவது எண் ஒன்றை அச்சடிக்க முடியும்.